கால் எட்டாத வண்டி

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். சோம்பல் ஒரு காரணம். பத்தாவதோடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம் என்பது இன்னொரு காரணம். ஆனால் வலது தோள் வலிக்கிறது, ஸ்பானர் பிடிக்க முடியவில்லை. ஷெட்டில் வண்டி ஆயில் சொட்டிக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இது தேவலை.

நான் செங்கம் ரோட்டில் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறவன். ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் எடுத்துக்கொண்டு போவார்கள். மலையைச் சுற்றிவிட்டு, மனசு நிறைந்து, கண்ணாடியை உடைத்துக்கொண்டு திரும்புவார்கள். நான் அதை மாட்டித் தருவேன். அந்தப் பிழைப்பில் காசு சேர்த்து, பழைய வண்டியாகத்தான் என் பெரிய வண்டியை வாங்கினேன். காடு, மேடு, ஆறு எல்லாம் ஏறி இறங்குவதற்கென்றே செய்த வண்டி. பெட்ரோல் டாங்கே என் நெஞ்சு வரைக்கும் வரும்.

அங்கேதான் சிக்கல். சீட்டில் ஏறி உட்கார்ந்தால் ஒரு கால் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொடும். இன்னொரு கால் கொடியில் போட்ட துணி மாதிரி தொங்கும்.

என் நண்பனிடமும் அதே வண்டி. ஏசி மெக்கானிக். ஒட்டகம் மாதிரி உயரம். அவன் வண்டியில் உட்கார்ந்தால் முட்டி மடங்கும். சிக்னலில் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, என் பக்கம் திரும்பி, "இன்னா, மேல காத்து நல்லா வருதா?" என்று கேட்பான். நானும் சும்மா விடுவதில்லை. "நீ ஏன்டா வண்டி வாங்கின? நடந்தாலே வேலூர் போயிடுவியே" என்பேன்.

எங்கள் திட்டம் லடாக். வண்டி வாங்கின நாளிலிருந்து அதே திட்டம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் ஷெட்டில் இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கழற்ற ஆரம்பித்துவிடுவோம். லடாக்கில் குளிர் ஜாஸ்தி என்று கைப்பிடிக்கு ஹீட்டர் மாட்டினோம். ஹீட்டர் மாட்டியதும் பேட்டரி இறங்கியது. பேட்டரிக்காக வயரிங்கைப் பிரித்தோம். பிரித்ததில் ஹார்ன் செத்தது. ஹார்னைச் சரிசெய்யும்போது ஃபாக் லைட்டும் போட்டுவிடலாமே என்று அவனுக்குத் தோன்றியது. பிறகு பக்கத்துக்கு ஒரு அலுமினியப் பெட்டி. பெட்டி மாட்டினால் தெருமுனையில் திரும்ப முடியவில்லை, கழற்றினோம். ஹேண்டிலை உயர்த்தினோம், கேபிள் பத்தவில்லை, இறக்கினோம். இப்படியே வருஷம் ஓடியது. அந்த வண்டிகள் அதிகபட்சம் போன தூரம் வேலூர். அதுவும் ஃபாக் லைட் வாங்கத்தான். மற்றபடி லடாக் போகிற வண்டியில் நான் ஆவின் பால் வாங்கிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவனுக்கு கத்தாரில் வேலை வந்தது. ஷெட்டுக்கு வந்தான், வழக்கமாக உட்காருகிற டயர் மேல் உட்கார்ந்தான், செயினுக்கு ஆயில் விட்டுக்கொண்டே சொன்னான்.

"விசா வந்துட்ச்சி. அடுத்த வாரம் ஃபிளைட்டு."

நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "அங்க எல்லா வீட்லயும் ஏசியாமே. உனக்கு வேலையே தீராது" என்றேன்.

"ரெண்டு வருசத்துக்கு லீவு கிடையாதுடா. வண்டிய மச்சான் எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டான்."

"உங்க மச்சானா? அவரு ஓட்டுனா வண்டி தற்கொலை பண்ணிக்கும்."

அவன் சிரிக்கவில்லை. துணியில் கையைத் துடைத்தான். "லடாக்க வுடு. ஞாயித்துக்கெழம ஜவ்வாது மலைக்காவது போயிட்டு வந்துடலாம். ரெண்டு வண்டியும் ஒன்னா. அதுகூட போகலன்னா நாம இத்தினி நாளு இன்னாத்த புடுங்கினோம்?"

டார்ச்சை அணைத்தேன். சரி என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, ராத்திரி முழுக்க அந்த ரோட்டைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜவ்வாது மலை ஏற வளைவு வளைவாக ரோடு. எதிரே பஸ் வந்தால் சரிவில் நிறுத்திக் காலை ஊன்ற வேண்டும். எந்தக் காலை? சமதளத்திலேயே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தடவை, ஆட்டோவுக்கு வழி விடுகிறேன் என்று நிறுத்தி, அப்படியே மெதுவாகச் சாய்ந்து கரும்பு ஜூஸ் வண்டி மேல் படுத்திருக்கிறேன். ஜூஸ்காரம்மா என்னைத் தூக்கவில்லை. "ஏறத் தெரியுது, எறங்கத் தெரியலியா?" என்று மட்டும் கேட்டது.

அதனால் வண்டியை இறக்குவது என்று முடிவு செய்தோம். பின் சக்கரத்தின் சஸ்பென்ஷனில் நாய் கடிக்கிற எலும்பு மாதிரி இரண்டு இரும்புப் பட்டை இருக்கும். அதைவிடக் கொஞ்சம் நீளமான பட்டை போட்டால் வண்டியின் பின்பக்கம் தாழும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கையும் அதே அளவு மேலே இழுத்துவிட்டால் வண்டி மொத்தமும் உட்கார்ந்துவிடும். லேத்து பட்டறையில் பட்டையை அடித்து வாங்கினோம். அவன் ஊருக்குப் போவதற்கான வேலைகளை எல்லாம் விட்டுவிட்டு, ஒரு நாள் முழுக்க என் வண்டிக்கு அடியில் கிடந்தான். அவன் நீளத்துக்கு ஷெட் போதவில்லை. கால் இரண்டும் ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்தன. போகிற வருகிறவர்கள் தாண்டிக்கொண்டு போனார்கள்.

"சீட்டுப் பஞ்சையும் கொஞ்சம் செதுக்கிடு" என்றேன்.

"செதுக்கிட்டா பின்னாடி எலும்புதான் மிஞ்சும். போதும், ஏறு."

ஏறினேன். இரண்டு பாதமும் தரையில் இருந்தன. முழுசாக, குதிகாலோடு. அவன் வண்டிக்கு அடியிலிருந்து என் செருப்பைப் பார்த்துவிட்டு, "இப்பதான்டா நீ பூமிக்கு வந்திருக்க" என்றான். பிறகு வெளியே வந்து டயர் மேல் சாய்ந்தான். களைத்துப்போயிருந்தான். சைடு ஸ்டாண்டு போட்டு வண்டியை நிறுத்தினேன். நின்றது. எங்கள் ஷெட் மண் தரை. ஸ்டாண்டின் நுனி மண்ணில் புதைந்து, வண்டி ஒழுங்காகச் சாய்ந்துதான் நின்றது.

சனிக்கிழமை காலையில் என் அம்மா வந்தாள். ஜவ்வாது மலை என்றதும் அவளுக்கு ஒரே கவலை.

"வண்டிக்குப் பூசை போட்டியாடா?"

"வாங்கும்போதே போட்டாச்சும்மா."

"அது அப்ப. இப்பதான் கைகால அறுத்து மாத்தி வச்சிருக்கீங்களே. புது வண்டி மாதிரிதான் அது. பூசை போடாம மலைக்குப் போற வேலையெல்லாம் வச்சிக்காத."

எங்கள் ஊரில் இதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது. என்ஜின் இறக்கி ஏற்றினாலும் பூசை, பெயின்ட் அடித்தாலும் பூசை. தெரு பிள்ளையார் கோயில் முன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அங்கே சிமெண்டு ரோடு. ஸ்டாண்டு போட்டபோது வண்டி வழக்கத்தைவிட நேராக நிற்பது மாதிரி இருந்தது. புதுசாக இறக்கிய வண்டி கம்பீரமாக நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அய்யர் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். ஹெட்லைட்டுக்கு மாலை போட்டார். அம்மா கற்பூரத்தைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். கடைசியாகச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். முன் சக்கரத்துக்கு வைத்தாயிற்று. பின் சக்கரத்துக்கு வைக்க இடுக்கு போதவில்லை.

"தம்பி, வண்டிய லேசா அப்டி தள்ளு" என்றார் அய்யர்.

நான் இடது பக்கம் நின்று லேசாகத்தான் தள்ளினேன். ஏற்கனவே நேராக நின்ற வண்டிக்கு அது போதுமானதாக இருந்தது. எதிர்ப்பக்கம், வலது பக்கமாக, அது மெதுவாகப் போக ஆரம்பித்தது. ஹேண்டிலைப் பிடித்து இழுத்தேன். அத்தனை பாரமும் என் வலது தோளில் வந்து உட்கார்ந்து, என்னையும் இழுத்துக்கொண்டு போனது. என்ஜினைக் காக்கிற கிராஷ் கார்டு கம்பி இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று விழும்போதே ஒரு நிம்மதி. கிராஷ் கார்டு தரையில்தான் பட்டது. ஆனால் கார்டின் இரண்டு கம்பிக்கும் நடுவில், சரியாக என்ஜினுக்கு நேராக, தேங்காய் உடைக்கிற கல் இருந்தது.

தேங்காய் உடைவது மாதிரியேதான் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து தண்ணீருக்குப் பதிலாக ஆயில் வந்தது.

நான் ஹேண்டிலுக்கு அடியிலிருந்து கையை உருவிக்கொண்டு எழுந்தேன். பிறகு அம்மா சொன்னாள்: "மலைல ஆக வேண்டியது இங்கயே கழிஞ்சிட்ச்சி. நல்லதுன்னு நெனச்சிக்கோ."

அய்யர் காலைத் தூக்கி ஆயிலைத் தாண்டினார். "சாமி காப்பாத்திட்டாரு" என்றார். யாரை என்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

நண்பனுக்கு ஃபோன் செய்தேன். கடையில் சூட்கேஸ் பார்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே வந்தான். வண்டியைத் தூக்கி நிறுத்தினோம். அவன் உடைந்த என்ஜின் மூடியைப் பார்க்கவில்லை. குனிந்து ஸ்டாண்டைப் பார்த்தான்.

"டேய். வண்டிய எறக்கினோம். ஸ்டாண்ட அறுத்தமா?"

அறுக்கவில்லை. வண்டி தாழ்ந்தால் ஸ்டாண்டு அதற்கு நீளமாகிவிடும், வண்டி சாயாமல் நேராக நிற்கும், ஊதினால் விழும். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு. இரண்டு பேரும் வாரம் முழுக்க என் காலை மட்டுமே அளந்துகொண்டிருந்தோம். வண்டிக்கும் ஒரு கால் இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, விரிசலுக்குப் பசை போட்டோம். காய்ந்ததும் ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தோம். கொஞ்ச நேரம் தாங்கியது. சூடானதும் பசையின் ஓரத்தில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. துடைத்தேன். மறுபடியும் வந்தது. ஷோரூமுக்கு ஃபோன் செய்தால் மூடி சென்னையிலிருந்து வர வேண்டும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். அவன் வாட்சைப் பார்க்காமலிருக்க முயற்சி செய்துகொண்டிருந்தான். வீட்டில் அவன் சொந்தக்காரர்கள் அவனை வழியனுப்ப வந்து காத்திருந்தார்கள்.

"நீ போ. நான் இன்னாவாவது பண்ணி நிறுத்திடறேன்" என்றேன்.

"உன் கை தோளுக்கு மேல ஏறல. நீ இன்னாத்த நிறுத்தப்போற?"

"தூக்கவே வேணாமே, இப்பதான் வண்டி எறங்கிட்ச்சே."

அந்தக் கிண்டலுக்கு ஒரு மரியாதைச் சிரிப்பு சிரித்துவிட்டுக் கிளம்பினான். அவன் போன பிறகு இன்னும் இரண்டு தடவை பசை போட்டுப் பார்த்தேன். இடது கையால் போட்டதில் என்ஜினை விட என் சட்டையில்தான் அதிகம் ஒட்டியது. சொட்டு நிற்கவில்லை. வாடகை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போகலாமா என்றும் யோசித்தேன். இந்தத் தோளை வைத்துக்கொண்டு மலையில் அதையும் திருப்ப முடியாது.

அவன் பின்னால் உட்கார்ந்து போவதை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. பெரிய வண்டி வைத்திருப்பவர்களுக்குள் அது ஒரு மாதிரியான கேவலம். இன்னொருத்தன் முதுகைப் பார்த்துக்கொண்டு போகிறவன் மூட்டைக்குச் சமம். அதுவும் அவன் முதுகு. மலையே தெரியாது.

சாயங்காலம் ஷெட் வாசலில் உட்கார்ந்து அவனுக்கு வாட்ஸப்பில் எழுதினேன். பெரிதாக ஒன்றும் இல்லை. வண்டி கிளம்பாது, தோளும் கிளம்பாது, நீ காத்திருக்காதே, நாளைக்கு ஒருத்தனாகப் போய்விட்டு வா, உனக்கு இனி நாள் கிடையாது, மேலே போய் எனக்கு ஒரு போட்டோ அனுப்பு என்று எழுதினேன். கடைசியில் ஏதாவது நக்கலாகச் சேர்க்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

பார்த்துவிட்டான் என்று நீலக்கோடு காட்டியது. உள்ளே சொட்டு விழுகிற தட்டில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவன் பதில் வந்தது:

"மூடிக்கினு காலைல வந்து பின்னாடி உக்காரு, அங்க எவனுக்கும் கால் எட்ட வேணாம்."