பந்தயத் தடத்துக்குப் போன மதுரை வண்டி

அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ராஜபாளையத்திலிருந்து மதுரைக்குப் போகும் வண்டியில் எனக்குப் பல வருஷம் டிரைவராக அமைந்தவர் என்னைவிட மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ரிடையரான பிறகும் அவர் என்னை விடவில்லை, நானும் அவரை விடவில்லை. காலையில் டீக்கடையில் உட்கார்ந்தால் அவர் ரோட்டைப் பார்த்தபடியும் நான் ஆட்களைப் பார்த்தபடியும் டீ குடிப்போம். தொழில் புத்தி லேசில் போகாது.

போன வருஷம் அண்ணனுக்கு வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. மூட்டையே மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லி, ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று. நர்ஸ் வேலை பார்க்கும் அவருடைய மகள், "எப்பா, ஆபரேஷனுக்குப் பொறவு வண்டிகிண்டி ஓட்டுனியன்னு கேள்விப்பட்டேன், இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அண்ணன் காலைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் கவலை வேறாக இருந்தது. ஒருநாள் டீக்கடையில் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏலே தம்பி, இம்புட்டு வருசம் வண்டி ஓட்டிருக்கேன். ஆக்ஸிலேட்டரைத் தரையோட தரையா ஒருநாள்கூட அமுக்குனதில்ல. இந்தக் கால் என் காலா இருக்கும்போதே ஒரேயொரு தடவை அமுக்கிப் பாத்துரணும்லே."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதனால் நானும் நிறுத்திக்கொண்டேன்.

அவர் சொன்னது உண்மைதான். ஆரம்பத்தில் ரோடு சரியில்லை. ரோடு சரியான பிறகு வண்டி சரியில்லை. இரண்டும் சரியானபோது வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை மாட்டிவிட்டார்கள். அதை மாட்டியதே அண்ணனுக்குத் தெரியாது என்று டெப்போவில் கேலி பேசுவார்கள். விபத்தே இல்லாமல் ஓட்டியதற்கு அவருக்கு மெடல் கொடுத்தார்கள். பயணிகள் கொடுத்த பட்டம் 'மாட்டு வண்டி'. காலேஜ் பையன்கள் எங்கள் வண்டி வந்தால் ஏறாமல் அடுத்த வண்டிக்கு நிற்பார்கள். "டிரைவர் தூங்கிட்டாரா, போய்ப் பாருங்க கண்டக்டர்" என்று எவனாவது கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும். "அவசரம்னா நேத்தே கெளம்பி வந்திருக்கணும்" என்பேன். அண்ணனுக்காக நான் போட்ட சண்டைகளுக்கு எனக்கும் ஒரு மெடல் கொடுத்திருக்கலாம்.

எங்களோடு டீ குடிக்கும் மூன்றாவது ஆள் செட்டியார்பட்டிக்காரர். பட்டாளத்தில் இருந்து வந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மிலிட்டரிதான். மிலிட்டரியிடம் ஒரு கார் உண்டு. வாங்கி மூன்று வருஷம் ஆகியும் சீட்டுக்கு மேல் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. உட்கார்ந்தால் மொறுமொறுவென்று சத்தம் கேட்கும். அவர்தான் வழி சொன்னார். கோயம்புத்தூருக்கு இந்தப் பக்கம் செட்டிபாளையத்தில் பேர்பெற்ற கார் பந்தயத் தடம் இருக்கிறதாம். பந்தயம் இல்லாத சில நாட்களில் பொதுமக்களும் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கலாமாம். அங்கே இருக்கும் அவருடைய மருமகன் ஏற்பாடு செய்துவிடுவார்.

"காரை நான் தாரேன். ஆனா போன மாதிரியே திரும்பி வரணும்" என்றார் மிலிட்டரி.

"காரா, நாங்களா?" என்று கேட்டேன்.

"கார்" என்றார்.

வீட்டில் உண்மையைச் சொல்ல முடியாதே. ஆபரேஷனுக்கு முன்னால் கோயம்புத்தூரில் இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டு வரப்போகிறோம் என்று சொன்னோம். சொன்னவன் நான்தான். 'பின்னாலயே அடுத்த வண்டி காலியா வருது' என்று முகம் மாறாமல் சொல்லிப் பழகியவன். அண்ணன் சம்சாரம், என் மதினி, நம்பிவிட்டார். எக்ஸ்ரே உறையை என் கையில் கொடுத்து, "அவிய மறந்து வச்சிட்டு வந்துருவாவ, நீங்க பாத்துக்கிடுங்க தம்பி" என்று சொல்லி எலுமிச்சம்பழச் சாதமும் கட்டிக்கொடுத்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாதத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை.

விடிகாலையில் கிளம்பினோம். மிலிட்டரி ஜெபம் செய்யாமல் சாவியைத் திருப்ப மாட்டார். வழக்கமாகச் சின்ன ஜெபம்தான். அன்றைக்கு நாலு டயர், பிரேக், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் ஒப்படைத்தார். கடைசியில் ஞாபகம் வந்து அண்ணனின் முழங்காலையும் சேர்த்துக்கொண்டார்.

முதலில் மிலிட்டரிதான் ஓட்டினார். பக்கத்தில் இருந்த அண்ணன் ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் அவருக்குப் பொறுக்கவில்லை. "செத்த நேரம் நான் ஓட்டுதேன், நீரு ஓய்வெடும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அதன்பிறகு வண்டி அலுங்காமல் குலுங்காமல் போனது. பின்சீட்டில் எனக்குக் கண் சொருகியது.

திடீரென்று வண்டி ஒரு திருப்பு திரும்பி, லேசாக ஏறி இறங்கியது. அந்த ஏற்ற இறக்கம் என் இடுப்புக்குத் தெரியும். கண்ணைத் திறந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு. மதுரை வண்டி நிற்கும் இடத்தில், கோடு பிசகாமல், காரைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார் அண்ணன். ஹேண்ட் பிரேக்கையும் போட்டுவிட்டு, கண்ணாடியை இறக்கி டீக்காரரைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மாள், இரண்டு பை பால்கோவாவுடன், "மதுரைக்குத்தானே? எடம் இருக்கா?" என்றார்.

இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'அம்மா, இது கார்' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "உள்ள தள்ளி உக்காருங்க, வழியில நிக்காதீங்க" என்பது. அந்த அம்மாளும் உள்ளே தள்ளி உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை மொறுமொறுத்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. அதற்குள் வெளியே நின்ற அவருடைய கூட்டாளி கத்தினார். "ஏட்டி, எறங்கு! அது காருட்டி!"

பின்னால் நிஜ மதுரை வண்டி வந்து ஹாரன் அடித்தது. டைம் கீப்பர் ஓடிவந்தார். காருக்குள் குனிந்து பார்த்தவர் எங்கள் இரண்டு பேரையும் அடையாளம் கண்டுகொண்டு, "ரிடையராகியும் விட மாட்டியளாய்யா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். "காரைக் கொண்டாந்து பஸ் ஸ்டாண்டுல போட்டு ஆள் ஏத்துதானுவ" என்று அந்த அம்மாள் திட்டியது நாங்கள் வெளியே வரும்வரை கேட்டது. மிலிட்டரி முன்சீட்டில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கை பழக்கம்லே" என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகும் அவர் வேகம் கூடவில்லை. திண்டுக்கல் ரோட்டில் லாரிகள் எங்களைத் தாண்டிப் போயின. கோழி ஏற்றிய வண்டி தாண்டிப் போனது. எல்லோருக்கும் அண்ணன் கையை நீட்டி வழிவிட்டார். ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் எலுமிச்சம்பழச் சாதத்தைத் தின்றோம். தாராபுரம், பல்லடம் வழியாகச் செட்டிபாளையம் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில்.

நான் பெரிதாக எதையோ எதிர்பார்த்திருந்தேன். பார்த்தால் கறுப்பாக, சுத்தமாக, வளைந்து வளைந்து போகும் ஒரு ரோடு. அவ்வளவுதான். அண்ணன் அதைக் கண்ணுக்குமேல் கை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"எங்கலே போவுது இந்த ரோடு?"

"எங்கயும் போவாதுண்ணே. சுத்திட்டு இங்கனயே வந்துரும்."

"அப்பறம் எதுக்குலே இம்புட்டு வேகம்?"

அந்தக் கேள்விக்குப் பதில் அங்கே சிவப்பும் மஞ்சளுமாகத் தரையை ஒட்டி நின்ற கார்களில் சாய்ந்துகொண்டிருந்த இளவட்டங்களுக்கும் தெரிந்திருக்காது.

மிலிட்டரியின் மருமகன் சொல்லி வைத்திருந்த பொறுப்பாளர் நல்ல பையன். காருக்குள் உருளக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள் என்றார். இறக்கினோம். சாதத் தூக்கு, தண்ணீர்க் கேன், குடை, தலையணை, மிலிட்டரியின் பைபிள், என் சால்வை, எக்ஸ்ரே. ஒரு குடும்பம் வீடு மாறிப் போவது மாதிரி எல்லாம் ஓரமாகக் குவிந்து கிடந்தது. பிறகு தலைக்கவசம் கொடுத்து, கொடிகளைப் பற்றி விளக்கினார். மஞ்சள் கொடி ஆட்டினால் முன்னால் ஏதோ ஆகியிருக்கிறது, வேகத்தைக் குறைத்துக் கவனமாகப் போக வேண்டும். அண்ணன் ஒழுங்காகத் தலையாட்டினார். பக்கத்து சீட்டில் ஒருவர் உட்காரலாம் என்றார்கள். தன் கார் படப்போகும் பாட்டைக் கண்ணால் பார்க்க முடியாது என்று மிலிட்டரி வெளியே நின்றுகொண்டார். நான் ஏறினேன்.

முதல் சுற்றில் அண்ணன் ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடித்தார். இடது ஓரமாகவே போனார். பின்னால் சீறிக்கொண்டு வந்த கார்களுக்கெல்லாம் ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டி வழிவிட்டார். சில பையன்கள் எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் தலைக்கவசத்துக்குள் இருந்து திட்டினால் வெளியே கேட்காது.

இரண்டாவது சுற்றில் ஒரு சிவப்புக் கார் தடத்தை விட்டுப் புல்லுக்குள் போய் நின்றிருந்தது. அதற்கு முன்னால், தடத்தின் ஓரத்தில் ஒருவர் மஞ்சள் கொடியோடு கையைத் தூக்கி ஆட்டினார். அண்ணன் இன்டிகேட்டர் போட்டார். ஓரம் கட்டினார். பின்கதவு சரியாக அந்த ஆளுக்கு நேராக வரும்படி காரை நிறுத்தினார். நானும் சும்மா இருந்தேனா என்றால் இல்லை. எட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டேன்.

அந்த மனிதர் திறந்த கதவையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க நிறுத்துனீங்க? இங்கெல்லாம் நிக்கப்படாதுங்க! போங்க, போங்க!"

"கை காட்டுனீங்களே?" என்றார் அண்ணன்.

அதன்பிறகு இன்னும் ஒரு சுற்றுதான் பாக்கி என்று சைகை காட்டிவிட்டார்கள். இதை விட்டால் ஊர் திரும்பி, அடுத்த வாரம் ஆஸ்பத்திரி. அந்தத் தடத்தில் நீளமாக, நேராகப் போகும் பகுதி ஒன்று உண்டு. அமுக்குவதென்றால் அங்கேதான் அமுக்க வேண்டும். அதற்குள் நுழைந்தோம். முன்னால் யாரும் இல்லை. பின்னாலும் இல்லை. அண்ணனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் அழுத்தியது, எடுத்தது. மறுபடி அழுத்தியது, எடுத்தது.

"என்னண்ணே, வலிக்கா?"

"வலி இல்லலே." குரல் ஒரு மாதிரி இருந்தது. "முடியலலே. பின்னால ஆளுக நிக்குத மாதிரியே இருக்கு. பிள்ளத்தாச்சி கம்பியப் பிடிச்சிட்டு நிக்கா. படிக்கட்டுல பயலுவ தொங்குதானுவ. அமுக்குனா விழுந்துருவானுவலே."

இத்தனை வருஷம் அவர் சுபாவமே மெதுவான சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் ஊரோடு சண்டையும் போட்டேன். ஆட்களை எண்ணி டிக்கெட் கொடுத்தவன் நான். அவர்களைத் தன் காலில் வைத்துக்கொண்டு ஓட்டியவர் இவர் என்பது எனக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது. எதற்கென்று தெரியாமல் கோபமும் வந்தது.

நான் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறை மட்டும் வெயிலில் பளபளத்தது. முன்பெல்லாம் வண்டி முழுக்கக் கேட்கும்படி கத்துவேனே, அந்தக் குரலை வரவழைத்துக்கொண்டேன்.

"எல்லாரும் எறங்கியாச்சுண்ணே! மதுரை வந்தாச்சு! பிள்ளத்தாச்சிய நான் கையப் பிடிச்சு எறக்கி விட்டுட்டேன். படிக்கட்டுல ஒருத்தன் இல்ல. வண்டி காலி. போலாம், ரைட்!"

அவர் மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தார். பின்சீட்டை ஒருதடவை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

பிறகு நெஞ்சில் அடித்ததுபோல கார் என்னைச் சீட்டோடு தள்ளியது. என்ஜின் போட்ட சத்தம் அதுவரை அந்தக் காரில் நான் கேட்காத சத்தம். பிளாஸ்டிக் உறைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. நான் கண்ணை இறுக்க மூடி, அய்யனாரில் ஆரம்பித்து மிலிட்டரியின் ஆண்டவர் வரை எல்லோரையும் கூப்பிட்டேன். ஹாரன் சத்தமே கேட்கவில்லை. ஒரு பிரேக், ஒரு வளைவு, அப்புறம் மெல்ல மெல்ல எல்லாம் அடங்கியது.

கண்ணைத் திறந்தபோது கிளம்பிய இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். மிலிட்டரி ஓடிவந்து காரைச் சுற்றி ஒவ்வொரு டயராகத் தொட்டுப் பார்த்தார். அண்ணனால் உடனே இறங்க முடியவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வலது காலை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தலைக்கவசத்தைக் கழற்றியபோது முகமெல்லாம் வேர்வை.

"தரையத் தொட்டுட்டுலே" என்றார். "எம்புட்டுல போனோம்?"

"மீட்டரை நீங்க பாக்கலியா?"

"ரோட்டை விட்டுக் கண்ண எடுப்பேனாலே?"

நான் கண்ணை மூடியிருந்ததைச் சொன்னேன். மிலிட்டரியைப் பார்த்தோம். அவரும் முழங்காலில் நின்று ஜெபம் செய்துகொண்டிருந்தாராம். அத்தனை தூரம் போய்விட்டு எவ்வளவு வேகம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. எனக்குச் சிரிப்பாக வந்தது. அண்ணன் மட்டும் சிரிக்காமல் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் திருப்பிக் காலியான பின்சீட்டைப் பார்த்தார்.

"யாரும் விழலல்லாலே?"

"ஒருத்தரும் விழலண்ணே" என்றேன்.