அம்மாவின் கப்பி

நான் சிகிச்சைக்குப் போகும் இடத்தில், கதவுக்கு மேலே ஒரு கப்பி மாட்டியிருக்கிறார்கள். அதில் தொங்கும் கயிற்றின் இரு முனைகளையும் பிடித்து மாறி மாறி இழுக்க வேண்டும். மார்பில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்கும் வந்துவிட்டது. ஆனாலும் ஏலுமானவரை உடம்பை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறார் டொக்டர். இன்று இழுத்தபோது கப்பி கிறீச்சிட்டது.

அன்புவழிபுரத்தில் எங்கள் கிணற்றுக் கப்பியும் அப்படித்தான் கத்தும். அம்மாவுக்கும் இதே நோய்தான். விடிந்ததும் கிணற்றடிக்குப் போய், அரை வாளி அரை வாளியாக அள்ளிச் செவ்வரத்தைப் பூச்செடிக்கு ஊற்றுவார். மூச்சு வாங்கும், ஆனால் முகம் தெளிந்திருக்கும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால், "அவனும் எழும்பிட்டான்" என்று சிரிப்பார்.

ஒருநாள் கப்பியைக் காணவில்லை.

"அது பழுதாப் போச்சு. நீர் படுத்திரும், நான் தண்ணி அள்ளுறன்," என்றார் அப்பா.

"எப்ப புதுசு வாங்குவீங்கள்?"

"வாங்குவம்."

அம்மா காலையில் எழும்பியதும் அதையே கேட்பார். பிறகு கேட்பதை விட்டார். கட்டிலை விட்டு எழும்புவதையும் விட்டார்.

அப்பா செத்த பிறகு அவருடைய அலுமாரியைத் துப்புரவாக்கினேன். அம்மாவின் சேலைத் துண்டில் சுற்றி, எண்ணெய் பூசியபடி அந்தக் கப்பி இருந்தது. விரலால் தட்டினேன். நன்றாகச் சுழன்றது.

அன்பினால்தான் ஒளித்தார் என்பார்கள். சொல்லட்டும். எங்கள் இருவருக்கும் முகம் பார்த்துப் பொய் சொன்னவர் அவர்.

"நோகுதா அன்ரி? நிப்பாட்டுவமா?" என்றாள் பயிற்சி தரும் பிள்ளை.

"வேண்டாம் பிள்ளை. எங்கட வீட்டில ஒருத்தியை நிப்பாட்டினதே போதும்."