மலைக்காக மாற்றிய பல்சக்கரம்

நேற்று சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் மொபட்டிலிருந்து கியர் ஆயில் டின்னைத் தவறவிட்டார். மூடி கழன்று, தேன் நிறத்தில் சாலையெங்கும் ஒழுகியது. அழுகிய முட்டையையும் எரிந்த டயரையும் சேர்த்துக் காய்ச்சியதுபோல் ஒரு வாடை. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் மட்டும் நின்று நன்றாக இழுத்து முகர்ந்தேன். மற்றவர்களுக்கெல்லாம் பழைய நாட்கள் தாழம்பூ, மரிக்கொழுந்து என்று கௌரவமாக வருகின்றன. எனக்கு வாய்த்தது இது.

அந்த வாடைக்குள் மன்சூரின் ஜீப் நிற்கிறது.

மன்சூரும் நானும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. நான் ஸ்ரீரங்கம், அவன் மலைக்கோட்டை. அவனுடைய அப்பா தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் அரிசி, பருப்பு மொத்தக்கடை வைத்திருந்தார். நானும் அவரை அத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை 'ஸ்ரீரங்கத்தாரே' என்பார், ஏதோ ராஜகோபுரத்தைத் தோளில் சுமந்துகொண்டு நான் கடைக்குள் நுழைந்ததுபோல.

படிப்பு முடிந்ததும் துபாயில் இருந்த மச்சான் மூலமாக மன்சூருக்கு விசா ஏற்பாடானது. அவனுக்குப் போகப் பிடிக்கவில்லை. ஏலத்தில் எடுத்த ஒரு பழைய ஜீப் அவனிடம் இருந்தது. துறையூரைத் தாண்டியிருக்கும் பச்சைமலையின் மேலே சின்னச் சின்னக் கடைகள் உண்டு. அத்தா கடைச் சாமானை ஜீப்பில் ஏற்றி அங்கே கொண்டுபோய்ப் போடலாம், ஊரோடு இருந்துவிடலாம் என்பது அவன் திட்டம். எனக்கு வேலை இல்லை. ஆகவே நான் பங்குதாரர்.

நாங்கள் முதலில் செய்த காரியம், ஜீப்புக்குப் பெரிய டயராகப் போட்டது. பார்க்கக் கம்பீரமாக இருந்தது. ஆனால் இழுவை போய்விட்டது. மூட்டையோடு மேட்டைக் கண்டால் முனகும், நிற்கும், பிறகு மெல்லப் பின்னால் உருளும். உருளாமலிருக்கப் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டையைப் போட வேண்டும். கட்டையும் கையுமாக வண்டிக்குப் பின்னால் ஓடுவது என் உத்தியோகம். பி.காம்., முதல் வகுப்பு. ஒருமுறை ஜீப் நழுவுகிற சத்தம் கேட்டதும், கட்டையைப் போடுவதற்குப் பதில் கட்டையைத் தூக்கிக்கொண்டு கீழ்நோக்கி ஓடினேன். மன்சூர் கைபிரேக்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "மாப்ள, அது என்ன உன் குழந்தையா? கீழ வைடா" என்று கத்தினான். ஏற்றியிருந்த உளுந்து மூட்டைகள் மேலேயே போகாமல் கடைக்குத் திரும்பின.

அத்தா மூட்டைகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "கட்டையக் கீழ வைக்காம மலை மேல ஏறிக் காட்டு. நீ இங்கயே இருந்துக்க. ஏறலேன்னா அடுத்த மாசம் மச்சான்கிட்டப் போய்ச் சேரு" என்றார் மகனிடம். அவர் சொன்னால் சொன்னதுதான்.

பாலக்கரையில் ஒர்க்ஷாப் வைத்திருந்த சௌரி அண்ணனிடம் போனோம். அச்சுக்கு நடுவே உருண்டையாக ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் பெரிய பல்சக்கரம் ஒன்று, அதைச் சுற்றவைக்கும் சின்னப் பல்சக்கரம் ஒன்று. கிரவுன், பினியன் என்பார்கள். சின்னதில் பல்லைக் குறைத்து, பெரியதில் பல்லைக் கூட்டிய ஜோடியை மாட்டினால், சக்கரம் ஒரு சுற்று வர இன்ஜின் அதிகம் சுற்ற வேண்டியிருக்கும். வேகம் குறையும், இழுவை கூடும். முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் ஒரே கணக்கில் மாற்ற வேண்டும். இல்லையென்றால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.

"ரோட்டுல ஆமை மாதிரிதான் போகும் தம்பி. பரவால்லயா?" என்றார் சௌரி அண்ணன்.

"நாங்க எங்கண்ணே ரோட்டுல ஓட்டப்போறோம்" என்றான் மன்சூர்.

"அதான" என்றார் அவர். நானும் தலையாட்டினேன். நாங்கள் பேசியதைக் கேட்டால் மூவரும் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்று நினைப்பீர்கள். திருச்சியிலிருந்து மலையடிவாரம் வரை நீளமாக ஒரு சமதளச் சாலை கிடப்பது யார் நினைவிலும் இல்லை.

பழைய உதிரிபாகக் கடைகளில் ஏறி இறங்கி இரண்டு ஜோடி பிடித்தோம். பெட்டியைத் திறந்தபோது வடிந்த பழைய ஆயில் முழுக்க என் சட்டையில். வீட்டு வாசலிலேயே அம்மா நிறுத்தினாள். "பெருமாள் சேவிக்கற வேளையில என்ன நாத்தம்டா இது? அந்தச் சட்டையக் கொடியில போடாதே." அன்று முதல் கொல்லை முருங்கைமரத்தில் என் சட்டைக்குத் தனிக்கிளை ஒதுக்கப்பட்டது.

சோதனை நாளன்று அத்தா முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் மூட்டைகளுக்கு நடுவே நான், மடியில் கட்டை. ஏற்றம் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டேன். ஜீப் நிற்கவில்லை. அவசரமே இல்லாமல், மாடியேறும் கர்ப்பிணிபோல் ஒவ்வொரு வளைவையும் நிதானமாக எடுத்து வைத்து மேலே போய் நின்றது. அத்தா இறங்கி டீ குடித்தார். தம்ளரைக் கொடுத்துவிட்டு, "மச்சானுக்குப் போனப் போட்டு வேணாம்னு சொல்லிரு" என்றார். மன்சூர் போய் ஜீப் பானெட்டின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றான். கொதிக்கிற பானெட். அவனுக்குச் சுட்டதாகவே தெரியவில்லை.

மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டுத் திரும்பினோம். புலிவலம் தாண்டியதும் அத்தா மார்பைத் தடவினார்.

"வாயு" என்றார்.

வியர்த்துக் கொட்டியது. பின்னால் படுக்க வைத்து, தலையை என் தொடையில் வைத்துக்கொண்டேன். எதிரே வந்த ஒரு காரை நிறுத்தினோம். அத்தா கையை ஆட்டிவிட்டார். "நம்ம வண்டி இருக்கறப்ப அடுத்தவன் வண்டி எதுக்கு? புத்தூருக்குப் போ, நம்ம டாக்டர் இருக்காரு." அவர் சொன்னால் சொன்னதுதான்.

மன்சூர் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினான். இன்ஜின் அலறியது. சத்தத்தை மட்டும் கேட்டால் விமானம் கிளம்புகிறது என்பீர்கள். வேகம் வரவில்லை. லாரிகள் முந்தின, பஸ்கள் முந்தின, கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முந்தியது. அதன்மேல் உட்கார்ந்திருந்தவன் எங்களுக்கு டாட்டா காட்டினான். நான் ரங்கா ரங்கா என்றேன், எனக்குத் தெரிந்த பிஸ்மில்லாவையும் சொன்னேன், அத்தாவுக்கு விசிறுவதாக நினைத்து எனக்கே விசிறிக்கொண்டிருந்தேன்.

"ஸ்ரீரங்கத்தாரே, நெஞ்சுவலி எனக்கு" என்றார் அத்தா.

அதன்பிறகு எனக்குப் பயமும் இல்லை. கொள்ளிடம் பாலத்தில் தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டில் இரவு என்ன டிபன் என்றுகூட யோசித்தேன். மனம் மரத்துப்போவது என்றால் பெரிய விஷயம் என்று நினைத்திருந்தேன். உப்புமாவா தோசையா என்பதுதான் அது.

அத்தா பிழைத்தார். கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் இதயம் இவ்வளவு கெட்டிருக்காது என்றார் டாக்டர். பிறகு சில வருடங்கள் ஈஸிசேரில் இருந்தார். கடைப்படி ஏறவில்லை.

மன்சூர் டிக்கெட் எடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டு ஓடினேன்.

"அத்தாதான் வேணாம்னு சொல்லிட்டாரேடா?"

"மேல வச்சு சொன்னாரு மாப்ள. அப்புறம் கீழ வந்தோம்ல."

ஈஸிசேரிலிருந்து அத்தாவும் சொல்லிப் பார்த்தார். அவர் சொல்லி நடக்காத முதல் காரியம் அதுதான். ஜீப்பை யாரோ மலைக்காரர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இன்று ஒர்க்ஷாப் இருந்த இடத்தில் செல்போன் கடை. அத்தா இல்லை. மொத்தக்கடை கைமாறி, வாசலில் நைட்டி தொங்குகிறது. பச்சைமலைக்குத் தார்ச்சாலை வந்துவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் ஸ்கூட்டரில் ஏறிப்போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். போன விடுமுறையில் மன்சூர் வந்தபோது வாடகைக் கார் பிடித்து நாங்களும் போனோம். கியர் மாற்றவே வேண்டாத கார், ஏசி வேறு. முதல் வளைவுக்கு முன்பே அவன் தூங்கிவிட்டான். உலுக்கி எழுப்ப எனக்கும் தோன்றவில்லை. மேலே நின்றபிறகு கண்ணைத் திறந்து, "வந்துட்டமா? எப்ப ஏறுச்சு?" என்றான்.

"தெரியலடா" என்றேன். உண்மையிலேயே எனக்கும் தெரியவில்லை.