வாசல் மாமரமும் வாலாட்டும் புல்லும்

கிள்ளானில் என் வீட்டு வாசலில் இரண்டு உயிர்கள் நிற்கின்றன. இரும்புக் கதவுக்கு இடப்பக்கம் ஒரு மாமரம். வலப்பக்கம், கார் நிறுத்தும் சிமெண்ட் தரைக்கும் மதிலுக்கும் நடுவில் மிஞ்சிய ஒரு முழ மண்ணில், ஐந்து குத்து அலங்காரப் புல். இரண்டில் எது உசத்தி என்று முன்பு யாராவது கேட்டிருந்தால் பட்டென்று பதில் சொல்லியிருப்பேன். இப்போது கொஞ்சம் யோசிப்பேன்.

குற்றம் கண்டுபிடிப்பது என் பிழைப்பாக இருந்தது. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். காற்று நிரப்பிய கையுறையை வெளிச்சத்தில் பிடித்து, ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் எடுத்துக் கழித்துப் போடும் வேலை. ஓய்வு பெற்றதும் பார்க்கக் கையுறை இல்லை. அதனால் மரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

மாமரத்தின் மேல் எனக்குப் புகார்கள் நிறைய. காய் பிடித்தால் பழ ஈ வரும். ஒவ்வொரு காய்க்கும் பழைய நாளிதழில் உறை போடவேண்டும், ஏணியில் ஏறி. உறை போட்டாலும் அணில் ஓரத்தைக் கிழித்து எட்டிப் பார்க்கும். சிவப்பு எறும்பு இலைகளை ஒட்டிக் கூடு கட்டி, துணி காயப்போடும் நேரம் பார்த்துக் கழுத்தில் விழும். சருகு தெருவோர லோங்காங்கை அடைத்துக்கொள்ள, மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் என் வாசலுக்கு விருந்தாட வரும். வேர் சிமெண்டைத் தூக்கி ஒரு பக்கம் வெடிப்பும் விட்டுவிட்டது.

இத்தனை அழும்பையும் பொறுத்துக்கொண்டேன். ஒன்று, அந்தக் கன்றை என் கணவர் மோட்டார் சைக்கிளில் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வந்து நட்டார். இன்னொன்று, இலை.

எங்கள் தெருவில் மாமரம் உள்ள தமிழர் வீடு என்னுடையது ஒன்றுதான். கல்யாணம், புதுமனை புகுவிழா, பொங்கல், பதினாறாம் நாள் தீட்டுக் கழிப்பு, எதுவானாலும் ஒருவர் வந்து கதவைத் தட்டி, “அக்கா, கொஞ்சம் மாயிலை” என்பார். நான் கொக்கி கட்டிய மூங்கிலை எடுத்து வந்து, பழுதில்லாத கொத்தாகப் பார்த்துப் பறித்துக் கொடுப்பேன். ஓட்டை விழுந்த இலை என் கையைத் தாண்டி யார் வீட்டு நிலைப்படிக்கும் போனதில்லை. தெருவில் பாதிப் பேரை எனக்கு இந்த இலையால்தான் தெரியும்.

ஐந்து வருஷத்துக்கு முன் கணவர் போனார். அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் நானாகவே பின் வரிசையில் உட்காரப் பழகிக்கொண்டேன். யாரும் என்னைத் தள்ளிப் போ என்று சொன்னதில்லை. மஞ்சள் குங்குமத் தட்டு என் முன்னால் வரும்போது கொஞ்சம் வேகமாகப் போகும், அவ்வளவுதான். ஆனால் இலைக்கு மட்டும் முன்பு போலவே என்னிடம் வந்தார்கள். மற்றதற்கு ஆகாத என் கை இதற்கு ஆகிறது என்பதில் எனக்கு ரகசியமாக ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைக்காகத்தான் எறும்புக் கடியைப் பொறுத்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

புல் வந்தது வேறு கதை. ஸ்ரீ கெம்பாங்கானில் உறவினர் ஒருவரின் புது அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தேன். கீழே நீச்சல் குளத்தைச் சுற்றி வரிசையாக அந்தப் புல். தாள் கருஞ்சிவப்பு. நுனியில் பாட்டில் கழுவும் பிரஷ் போல மெத்தென்ற பூ. காற்று வந்தால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, ஒன்றாக நிமிர்ந்தன. பழம் இல்லை, ஈ இல்லை, சருகு இல்லை. பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் நின்றுவிட்டேன். மறுவாரம் சாலையோர நர்சரியில் ஐந்து பை வாங்கி வந்து நட்டேன்.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்காதான் முதலில் வந்து பார்த்தாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலான பழக்கம். அவளுடைய மகள் நடக்கப் பழகியதே என் வீட்டுக் கூடத்தில், என் விரலைப் பிடித்துக்கொண்டுதான்.

“என்னா இது, மாடு வளக்கப் போறியா?” என்றாள்.

“அழகுக்கு லா, அக்கா.”

“அழகுக்கா? திங்க முடியாது, சாமிக்கு வெக்க முடியாது, ரசத்துல போடவும் முடியாது. ஒனக்குக் கிறுக்குதான் புடிச்சிருக்கு.”

சிரித்துக்கொண்டேன். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தப் புல்லைக் கேட்டு யாரும் என் கதவைத் தட்டப் போவதில்லை.

அக்காவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பந்தக்கால் ஊன்றும் நாளில் விடிந்ததும் நான் தலை குளித்து, மூங்கிலைத் துடைத்து, கதவருகே சாய்த்து வைத்துக் காத்திருந்தேன். எத்தனையோ வீட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். இது என் விரலைப் பிடித்து நடந்த பிள்ளைக்கு. முதல் நாளே மரத்தை அண்ணாந்து பார்த்து, எந்தக் கொத்து என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

அக்கா வந்தாள். கூடவே ஈப்போவிலிருந்து வந்திருந்த அவளுடைய நாத்தனார், பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு. நான் மூங்கிலை எடுத்தேன்.

“நீ இரும்மா. இவங்க பறிக்கட்டும்” என்றாள் அக்கா.

“கொக்கி கையிலதானே இருக்கு. நானே பறிச்சுத் தரேன்.”

“வேணாம், வேணாம். ஒனக்கு எதுக்குச் செரமம்?”

நாத்தனார் உள்ளே வரக்கூட இல்லை. சாலையில் நின்றபடியே மதிலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த தாழ்ந்த கிளையை இழுத்து, கைக்கு வந்ததைப் பறித்தார். அதில் பாதி எறும்பு அரித்த இலை. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் லோங்காங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூங்கிலைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அவர்கள் போன பிறகு உள்ளே போய், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எனக்கு அழுகை சீக்கிரம் நிற்கும். கோபம் நிற்காது. அன்று மதியமே மரம் வெட்டுகிறவருக்குப் போன் போட்டேன். மறுநாள் காலை அவர் லோரியோடு வந்து இறங்கி, மரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

“அடியோடவா, அக்கா?”

அடியோடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மோட்டார் சைக்கிளில் அதை இடுக்கிக்கொண்டு வந்த இரண்டு முழங்கால்கள் கண் முன்னால் வந்தன.

“இல்ல. ரோட்டுப் பக்கம் உள்ளது எல்லாம் போகணும். கீழ்க் கொப்பும் போகணும். வெளியில நிக்கிறவங்க கைக்கு ஒரு எலைகூட எட்டக் கூடாது.”

“ஏன், திருடன் தொல்லையா?”

“ஆமா. பட்டுப்புடவை கட்டின திருடன்.”

அவர் சிரித்துவிட்டு ரம்பத்தைப் போட்டார். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. பாதி முடி வெட்டும்போது மின்சாரம் போய், அப்படியே நாற்காலியிலிருந்து எழுந்து வந்த ஆள் மாதிரி நின்றது மரம். இனி இலை வேண்டுமென்றால் கதவைத் திறந்து, உள்ளே வந்து, என்னிடம் கேட்டாகவேண்டும். அந்த நினைப்பு அன்று எனக்கு இனித்தது. சாயங்காலம் வெட்டுப்பட்ட இடங்களில் பால் வடிந்து காய்ந்திருந்ததைப் பார்த்தபோது அவ்வளவாக இனிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் அந்தப் பெண்ணே என் வீட்டுக்கு வந்தாள். இரண்டு கையிலும் மருதாணி காயாமல், கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்தாள். மரத்தைப் பார்த்தாள். நேராகப் புல்லிடம் போனாள்.

“ஆன்டி, இந்தப் பூ எல்லாம் நாளைக்கு டின்னருக்கு வேணும். கடையில விக்கிற காஞ்ச புல்லு தூசி மாதிரி இருக்கு. நீங்களே வெட்டி, நீங்களே ஹாலுக்கு வந்து ஜாடியில வெச்சுக் குடுங்க. டெக்கரேஷன் ஆளு மேல எனக்கு நம்பிக்கை இல்ல.”

“ஒங்கம்மாவக் கேட்டியா?”

“புல்லுக்கு எதுக்கு அம்மாவக் கேக்கணும்?” என்றாள் அவள், நிஜமாகவே புரியாமல்.

மறுநாள் மதியம் விருந்து மண்டபத்துக்குப் போனேன். வாசலில் மாவிலைத் தோரணம் தொங்கியது. அதன் பக்கம் நான் போகவில்லை. புல் கட்டுகளோடு நேராக மேடைக்குப் போய், மணமக்கள் உட்காரும் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் பெரிய ஜாடிகளில் வைத்தேன். ஒடிந்ததைக் கழித்தேன், நீளம் பார்த்து அடுக்கினேன். யாரும் தடுக்கவில்லை. ஈப்போ நாத்தனாரே பக்கத்தில் வந்து, “ரொம்ப நல்லா இருக்கே, எங்க வாங்குனது?” என்று விசாரித்தார். எந்தக் கை பறிக்கலாம், எந்தக் கை பறிக்கக் கூடாது என்று மாமரத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறது. புல்லைப் பற்றி யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. உதவாத புல் என்பதால் அது என்னை மேடை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனது. பழமும் இலையும் தந்து எனக்கு ஊரில் மரியாதை வாங்கிக் கொடுத்த மரம் வாசலிலேயே நிறுத்திவிட்டது.

அன்று மேடையின் மறுபக்கத்திலிருந்து அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜாடியைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டேன். அதன் பிறகு எங்களுக்குள் “சாப்பிட்டாச்சா”, “மழை வருது, துணிய எடு” என்ற அளவில்தான் பேச்சு. அவள் என் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. சாயங்காலம் தேநீர் போடும்போது இரண்டு குவளை எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைப்பேன். வீம்புக்குத் தேநீர் போட்டுக் கொடுக்க முடியாது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

மழைக்காலத்தில் புல் நனைந்து, படுத்து, பழுப்பாகிப் போனது. நர்சரிக்காரர் சொன்னபடி கணுக்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டினேன். சில வாரத்தில் ஒன்றுமே நடக்காதது போலத் தளதளவென்று வந்தது. அதற்கு எதுவும் மனதில் தங்குவதில்லை. மரம் அப்படி இல்லை. வீட்டுப் பக்கம் வழக்கம்போல் காய்த்தது. சாலைப் பக்கம் வெட்டின தழும்போடு, ஒரு தளிரும் விடாமல் நின்றது. அதன் குணம் எனக்குப் பழக்கமானதுதான்.

கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் இருக்கும். ஒரு காலையில் கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் அக்கா. தனியாக வந்திருந்தாள். உள்ளே வந்து மரத்தடியில் நின்றாள்.

“நாளைக்குப் புள்ளைக்கு வளைகாப்பு. மாயிலை வேணும்.”

நான் மூங்கிலைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை வாங்கி, அண்ணாந்து பார்த்தாள். கொக்கியை ஒரு கொத்தில் மாட்டியும் விட்டாள். பிறகு இழுக்காமல் விடுவித்து, மூங்கிலை என்னிடமே நீட்டினாள்.

“எனக்கு எட்டுது. ஆனா நீதான் பறிக்கணும்.”

“வளைகாப்புக்கு என் கை ஆகுமா?”

அவள் முகம் சுருங்கியது. “நாத்தனா என்ன சொல்லுவாங்களோன்னு பயந்துட்டேன். எம்புள்ள புடிச்சு நடந்த கை இது. நான் பண்ணது தப்பு.”

“சொல்றதுக்கு ஒரு வருஷமா?”

“மரத்தப் பாத்தேன். அடுத்து என் தலதான்னு நெனச்சேன்.”

சிரிப்பு வந்துவிட்டது. கோபம் முழுக்கப் போய்விடவில்லை. அதையும் அவளிடம் சொன்னேன். “இருக்கட்டும், நீ கோவப்படு. பறிச்சுக்கிட்டே கோவப்படு” என்றாள். மூங்கிலை உயர்த்தினேன். எல்லாவற்றுக்கும் மேலே, வெயில் படும் இடத்தில், ஓட்டையில்லாத கொத்துகளாகப் பார்த்துப் பறித்தேன். கண் கலங்கியிருந்ததால் இரண்டு தடவை கொக்கி தப்பியது. அக்கா கீழே முந்தானையை விரித்துப் பிடித்தபடி, என் பின்னாலேயே நகர்ந்து வந்தாள். ஓர் இலையும் தரையில் விழவில்லை.

இலைகளை மடியில் கட்டிக்கொண்டு கதவு வரைக்கும் போனவள், புல்லின் பக்கத்தில் நின்றாள்.

“புள்ளைக்கு இதுலயும் கொஞ்சம் வேணுமாம். ஒங்கிட்ட கேட்டு வாங்கிட்டு வரச் சொன்னா.”

“கத்தரிக்கோல் அங்கதான் இருக்கு, நீங்களே வெட்டிக்குங்க அக்கா,” என்றேன். “அதுக்கு யார் கையும் ஆகும்.”