ஓடு இறுகும்வரை

போன வருடம் சித்திரை மாதம், புன்னைக்காயல் பக்கம் எங்கள் இறால் பண்ணையில் நடந்தது. என் கணவருக்குக் கப்பலில் வேலை. அவர் கடலில் இருக்கும் மாதங்களில் குளத்தை நானும் கொழுந்தனும் பார்த்துக்கொள்வோம்.

கொளுத்துகிற வெயிலில் திடீரென்று ஒரு கோடை மழை. ஊரே குளிர்ந்தது, எனக்குக் குளத்தை நினைத்துத்தான் கவலை. மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரோடு சேராமல் மேலேயே நிற்கும். உப்பு சட்டென்று இறங்கினால் இறாலின் தெம்பெல்லாம் உடம்பின் உப்பைக் காப்பாற்றுவதிலேயே போய்விடும். கூட்டமாக மேலோட்டையும் கழற்றிவிடும்; புது ஓடு இறுகும்வரை உடம்பு மெத்தென்று இருக்கும்.

மறுநாள் காலை அதுதான் ஆனது. தீனித் தட்டைத் தூக்கினால் போட்டது அப்படியே கிடக்கிறது. இறாலைத் தொட்டால் மெத்தென்று இருக்கிறது. பக்கத்துக் குளத்தில் அவசரமாக வலை இறக்குவதைப் பார்த்துவிட்டுக் கொழுந்தன் பதறிக்கொண்டு வந்தான்.

"மதினி, நாமளும் பிடிச்சிருவோம். நாளைக்கு எல்லாம் செத்து மெதந்தா அண்ணனுக்கு யாரு பதில் சொல்லுதது?"

நியாயமான பயம்தான். கணவரைக் கேட்கலாமென்றால் போன் கிடைக்கவில்லை. ஆனால் ஓடு இறுகாத இறாலை எந்த வியாபாரியும் மதிக்கமாட்டார். பாடுபட்டு வளர்த்ததை அப்படி அள்ளிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"ஏலே, இது சீக்கு இல்ல. ஓடு இறுகச் சத்து வேணும், அதத் தண்ணியிலதான் தேடுது. வலையில கைய வைக்காத," என்றேன்.

மதகின் மேல்பலகையை எடுத்து, மேலே நின்ற மழைத்தண்ணீரை வடியவிட்டோம். தீனியை நிறுத்தச் சொன்னேன்; அதற்கும் ஒரு சண்டை. இறால் தின்னாவிட்டால் இன்னும் கொஞ்சம் தூவிப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது அடியில் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும், ஓடு கழற்றிய இறாலுக்கு இப்போதுதான் மூச்சு அதிகம் வேண்டும் என்று சொல்லிப் புரியவைத்தேன். பிறகு சுண்ணாம்பும் மினரலும் கரைத்து ஊற்றி, தண்ணீரில் காற்றேற்றும் ஏரேட்டர்களை நிறுத்தாமல் ஓட்டினோம். சில செத்து ஒதுங்கின. ஒவ்வொன்றையும் எடுத்துப்போடும்போது கொழுந்தன் என் முகத்தைப் பார்த்தான். நான் அடுத்த தட்டைத் தூக்கிப் பார்க்கப் போனேன்.

சில நாட்களில் தட்டு காலியாக வந்தது. கையில் எடுத்த இறால் விருட்டென்று துள்ளியது. பிடித்து முதுகை அழுத்தினேன், ஓடு இறுகியிருந்தது. கரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அறுவடை அன்று வியாபாரி இறாலை அழுத்திப் பார்த்துவிட்டு, அந்த மழையில் எப்படித் தப்பவைத்தாய் என்று கொழுந்தனைக் கேட்டார்.

"எங்கிட்ட கேக்காதீய அண்ணாச்சி. நான் அன்னைக்கே வலை போட நின்னவன். மதினிதான் விடல," என்றான், எல்லார் முன்பாகவும்.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று இப்போது யார் கேட்டாலும், கணவரின் கப்பலைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், நான் இறால் வளர்க்கிறேன் என்று தலைநிமிர்ந்து சொல்கிறேன்.