ஆறாவது படி

கல்லூரியில் ஒரு ஏணிப் படம் கொடுத்திருந்தார்கள். என் கடைசி மகள் லீவுக்கு வந்தபோது அதைப் போனில் காட்டினாள். பத்துப் படி. வசதியானவர்கள் மேலே, ஒன்றுமில்லாதவர்கள் கீழே. உன் குடும்பம் எந்தப் படியில் நிற்கிறது, பத்து வருஷம் கழித்து நீ எங்கே நிற்பாய் என்று ஒவ்வொரு பிள்ளையும் குறிக்க வேண்டுமாம்.

"நம்ம ஊட்டுக்கு ஆறு போட்டேம்மா. எனக்கு ஒம்பது."

"ஆறா? இந்த லைன் ஊட்டுக்கா?"

"ஃப்ரிட்ஜ் இருக்கு, டிவி இருக்கு. நான் பி.காம். கடைசி வருஷம். கார்ல வர்ற பொண்ணே ஆறுதான் போட்டா!"

"அப்ப ரெண்டு பேரும் ஒரே படியில நெருக்கிக்கிட்டு நிக்கறீங்களா?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் ஒரு விஷயத்தை அவளிடம் மறைத்து வைத்திருந்தேன்.

நாற்பத்திரண்டு வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தவள் நான். யாரிடமும் கைநீட்டியதில்லை. ஆனாலும் வரிசையாகக் கட்டிய இந்த லைன் வீடுகள் எஸ்டேட்டுடையவை. வீட்டில் ஒருவர் பேராவது வேலைப் பதிவில் இருந்தால்தான் இருக்கலாம். வயது முடிந்ததென்று என் பேரை அடித்துவிட்டார்கள். மகன் திருப்பூரிலிருந்து வரமாட்டேன் என்றுவிட்டான். பக்கத்து வீடு காலியான வாரமே கதவைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இப்போது அதற்குள் காட்டுப்பன்றி படுக்கிறது. அது மூச்சு விடுவது எங்கள் சுவரில் கேட்கும்.

எஸ்டேட் ஆபீசில் போய்க் கெஞ்ச மனசு வரவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. தானாக ஒரு வழி பிறக்குமென்று இருந்துவிட்டேன். அது என் தப்பு.

அவள் போனை மூடுவதற்குள் பனிமூட்டத்திலிருந்து சூப்பர்வைசர் வந்து வாசலில் நின்றார்.

"ஏனுங்கக்கா, பேரு குடுத்தாச்சுங்களா? திங்கக்கெழமையோட சரி. அப்பறம் கதவுக்கு ஆளு வந்துருவாங்க. என்னையத் திட்டக் கூடாது."

"யாரு பேரும்மா?" என்றாள் மகள்.

அவர் அவளை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏணிய அனுப்பிட்டேம்மா. இனி மாத்த முடியாது."

ஞாயிற்றுக்கிழமை சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"ஒரு வருஷம் மட்டும் பேரைக் குடுக்கறேன். அதுக்குள்ள அண்ணன் வரட்டும். படிப்பு எங்க போயிடப் போகுது?"

என் கை தட்டிலேயே நின்றது. பதினாறு வயதில், என் அம்மா காய்ச்சலில் படுத்தபோது, நானும் ஒரு வருஷம் மட்டும் என்றுதான் சொன்னேன். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பன்றி உறுமியது. வாயை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை, கல்லூரிக்குத் திரும்ப அவள் ஏற வேண்டிய கூடலூர் பஸ் ஹார்ன் அடித்து, கொஞ்ச நேரம் நின்று, வளைவில் இறங்கியது. மகள் என் பழைய படங்கை எடுத்தாள். செடி கீறாமலிருக்க இடுப்பில் சுற்றிக் கட்டுகிற முரட்டுத் துணி அது. அந்த முடிச்சை நான் அவளுக்குக் காட்டிக் கொடுத்ததே இல்லை. முதல் தடவையிலேயே சரியாக விழுந்தது.