எதிர்சேவைக்கு வராத பாட்டு

சிம்மக்கல்லில் டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது கல்லூரி விலங்கியல் துறையிலிருந்து போன் வந்தது. "அண்ணே, மங்கை மேடம் போயிட்டாங்கண்ணே." கடலிலிருந்து வந்த புதிய ஒலிப்பதிவை அவருக்குப் போட்டுக் காட்டத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தேன். அதை நான் இன்னும் கேட்டிருக்கவில்லை. முதலில் அவர்தான் கேட்பார். அது எங்கள் வழக்கம்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும். மங்கையர்க்கரசி எங்கள் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியை, திருவாதவூர்க்காரர். கடலே இல்லாத மதுரையில் உட்கார்ந்துகொண்டு கூன்முதுகுத் திமிங்கிலங்களுக்காகக் காத்திருந்தார். குளிர்காலத்தில் அவை அரபிக்கடலைக் கடந்து கேரளக் கரையோரம் வந்து பாடும். அங்குள்ள நண்பர் ஒருவர், கடலுக்குள் இறக்கிய மைக்கில் பதிவானதை அனுப்புவார். நான் இயற்பியல்காரன், ஒலிக்கருவிகள் என் பொறுப்பு.

முதல் பாட்டு கேட்ட அன்று துறையில் எல்லோருக்கும் பானகம் கிடைக்கும். "அழகரு மலையில இருந்து எறங்குனா எதிர்ல போய் நின்னு பானகம் குடுத்து எதிர்சேவை வைக்கிறோம்ல தம்பி? இதுகளும் அம்புட்டுத் தூரம் வருதுக" என்பார். சிரித்துக்கொண்டே குடிப்போம். ஆனால் வருடத்துக்கு வருடம் குரல்கள் குறைந்தன. போன வருடம் கேட்டது ஒன்றே ஒன்று. அன்று எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தவர், தான் மட்டும் குடிக்கவில்லை.

இந்தத் தை மாதம் அவர் மிகவும் இளைத்துப் போயிருந்தார். உற்சாகப்படுத்துவோம் என்று அவர் பதிவைக் கேட்கும் முன்பே நாங்கள் பானகத்தைக் கரைத்துவிட்டோம். ஹெட்போனைக் கழற்றியவர் முகம் செத்திருந்தது. "வெறும் கப்பல் இரைச்சல்தான். அழகரு கெளம்பவே இல்ல, அதுக்குள்ள எதிர்சேவையாப்பா?" யாரும் டம்ளரைத் தொடவில்லை. சாயங்காலம் எறும்பு மொய்த்ததைக் கீழே கொட்டினோம்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் "வந்துருச்சா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். "எனக்குப் பெறகு நீ கேளு. வரலைன்னா வரலைன்னு வெளிய சொல்லு. சும்மா மனசத் தேத்திக்கப் பானகம் கரைக்காத."

காரியம் முடிந்த மறுநாள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவருக்குப் போட்டுக் காட்ட முடியாமல் போன அந்தப் பதிவைக் கேட்டேன். கப்பல்கள். ஒன்று போனதும் இன்னொன்று. கடைசிவரை வேறு எதுவும் இல்லை.

மங்கை அக்காவின் ஹெட்போன் இப்போது என்னிடம் இருக்கிறது. அலமாரியில் அவர் வாங்கி வைத்த வெல்லமும் பிரிக்காமல் இருக்கிறது. அவர் சொன்னபடி சொல்கிறேன்: இந்த வருடம் வரவில்லை.